மஞ்சள் சுடரும் ஆறு நாள் விரதமும்

நான் பக்தன். ஆனால் பக்தி இருக்கிற இடத்தில் புத்தியும் இருந்தாக வேண்டும் என்று சட்டமில்லை. அதற்கு நானே உயிருள்ள சாட்சி. (உயிருள்ள என்பதை அழுத்தி வாசியுங்கள். அது என் கெட்டித்தனத்தால் கிடைத்ததல்ல.)

எண்பதுகளின் நடுப்பகுதி. சூரிச்சில் ஒரு உணவகத்தில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். நான், மனைவி பவளம், நாலு வயது மகள் சுதா, மூவரும் நாலாம் வட்டாரத்தில் பழைய கட்டடமொன்றின் மூன்றாம் மாடிக்குக் குடிவந்தோம். சமைக்கிற குசினியின் மூலையில் ஆளுயர அலுமாரி. கதவைத் திறந்தால் உள்ளே வீட்டைச் சூடாக்கும் காஸ் இயந்திரம். ஹைட்சுங் என்பார்கள். அதன் நெஞ்சில் தீப்பெட்டியளவு கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் நீலச் சுடர்.

குளிர்நாட்டில் வீட்டுக்குள்ளேயே அணையாச் சுடர்! பார்த்ததும் கைகூப்பிவிட்டேன். வீடு காட்ட வந்தவர் தன்னைத்தான் கும்பிடுகிறேன் என்று நினைத்துத் தானும் கைகூப்பினார். அன்றே முடிவெடுத்தேன், இதுதான் சுவாமி அறை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு அடித்து முருகன் படத்தை வைத்தேன்.

"இஞ்சருங்கோ, அது ஹைட்சுங்" என்றாள் பவளம்.

"நெருப்பு எங்கை இருக்கோ, அங்கை சுவாமி இருக்கிறார்."

"அப்ப நீங்கள் வேலை செய்யிற இடத்திலை அடுப்படியிலையும் இருக்கிறாரோ?"

நான் ஊதுபத்தி கொளுத்தினேன்.

ஐப்பசியில் கந்தசஷ்டி விரதம் வந்தது. ஆறு நாளும் பாலும் பழமும்தான். முதல் நாள் காலை குளித்து, வேட்டி கட்டி, உடம்பெல்லாம் திருநீறு பூசி நிற்கிறேன், கதவு மணி அடித்தது. திறந்தால் ஒரு மனிதர். கறுப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, கறுப்பு உயரத் தொப்பி, தோளில் கம்பித் தூரிகை, முகத்திலும் கரி. புகைக்கூண்டு துப்பரவு செய்கிறவர். காஸ் எரிகிற வீடுகளையும் வருடாவருடம் அவர்தான் பார்த்துப் பரிசோதிப்பார் என்பது எனக்குத் தெரியாது.

"ஹைட்சுங்!" என்றார் சிரித்தபடி.

"நைன், நைன். ஹொய்ட்டே கொட்!" என்றேன். (இல்லை, இல்லை. இன்றைக்குக் கடவுள். என் ஜெர்மன் அவ்வளவுதான்.)

அவர் என் நெஞ்சுத் திருநீற்றைப் பார்த்தார். ஐந்து நாள் கழித்து வருகிறேன் என்று ஐந்து விரலைக் காட்டிவிட்டு இறங்கினார். கீழ்வீட்டுக் கிழவி ஓடிவந்து அவர் தோளைத் தொட்டாள். அவரைத் தொட்டால் அதிர்ஷ்டமாம், இந்த ஊர் நம்பிக்கை. நான் அதிர்ஷ்டத்தின் முகத்திலேயே கதவைச் சாத்திவிட்டேன்.

"ஏன் அந்த மனுசனைத் திருப்பி அனுப்பினீங்கள்?"

"விரதம் துவங்குற நாளிலை கரி பூசின ஆளை எப்பிடி உள்ளை விடுறது?"

"நீங்களும் சாம்பல் பூசிக்கொண்டுதானே நிக்கிறீங்கள்" என்றாள் பவளம்.

அன்று மாலை சுவாமி விளக்கு மூன்று தரம் அணைந்தது. தேடிப் பார்த்தேன். அலுமாரியின் அடியில் சுவரில் ஒரு சாண் அகலத்தில் கம்பி வலை, அதற்குள்ளால் வெளிக்காற்று வருகிறது. எவனோ மடையன் சுவரில் ஓட்டை விட்டிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே என் கலியாணப் பட்டு வேட்டியை எட்டாய் மடித்து அடைத்தேன். (சுவாமியிடத்தில் பழந்துணி வைக்கலாமா?) யன்னல் இடுக்குகளை ஏற்கெனவே குளிருக்குப் பயந்து ஒட்டியிருந்தோம். விளக்கு அசையாமல் எரிந்தது.

இரண்டாம் நாள் அதிசயம். இயந்திரத்தின் நீலச் சுடர் மஞ்சளாகிவிட்டது.

"பவளம், ஓடி வா! ஹைட்சுங்கும் குத்துவிளக்கு மாதிரி எரியுது!"

மூன்றாம் நாள் இருவருக்கும் தலையிடி. விரதம் வேலை செய்கிறது என்றேன். நாலாம் நாள் எனக்குத் தலை சுற்றியது. அருள் என்றேன். வேலைக்குப் போனால் தலையிடி மறைந்தது, வீட்டுக்கு வந்தால் திரும்பியது. இதற்கும் விளக்கம் வைத்திருந்தேன்: உணவகத்தில் மாடு வேகிறது, அங்கே அருள் எப்படி வரும்? யன்னல் கண்ணாடிகளில் தண்ணீர் வழிந்தது. அதை அபிஷேகத் தீர்த்தம் போலப் பக்தியோடு துடைத்தேன்.

ஆறாம் நாள் காலை சுதா சத்தி எடுத்தாள். பிறகு எழும்ப மாட்டாமல் படுத்துக் கிடந்தாள். பவளம் இடுப்பில் கைவைத்து என் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்குத் தலையிடி, விரதம் எண்டீங்கள். உங்களுக்குத் தலைசுத்து, அருள் எண்டீங்கள். இவள் காலமை பாணும் பட்டரும் திண்டவள். இவளுக்கு என்ன விரதம்?"

"சூரன்போர் முடிய எல்லாம் சரிவரும்" என்றேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

"நீங்கள் சரிவந்து கொண்டிருங்கோ. நான் பிள்ளையை டொக்டரிட்டைக் கொண்டுபோறன்."

படியில் இறங்கியவளுக்கு எதிரே, சொன்ன நாளில் சொன்னபடி, அந்தக் கறுப்பு மனிதர் ஏறி வந்தார். பவளத்துக்கு ஜெர்மன் தெரியாது. துவண்ட பிள்ளையைக் காட்டினாள், தன் தலையைக் காட்டினாள், மேலே கைகாட்டினாள். "ஹைட்சுங்?" என்று கேட்டார். "ஓம், ஹைட்சுங்" என்றாள். தூரிகையை அங்கேயே போட்டுவிட்டு இரண்டிரண்டு படியாகப் பாய்ந்தார்.

நான் அலுமாரிக்கு முன்னால் சம்மணமிட்டிருந்தேன். கால் என் சொல் கேட்கவில்லை. கதவு திறந்தது. புகைமூட்டமான கண்ணில் கன்னங்கரிய உருவம். சந்தேகமே இல்லை, யமன். எருமையைக் கீழே கட்டிவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் ஒரு பக்தன் முருகா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். ஒரு தகப்பன் என் பிள்ளையை விட்டுவிடு என்று கெஞ்சியிருக்க வேண்டும். நான் கைகூப்பி, படியில் நின்ற பவளத்துக்கும் கேட்கும்படியாகச் சொன்னது இது:

"ஐயா, நாளைக்குப் பாரணை. வடை பாயாசத்தோடை சமையல். சாப்பிட்டிட்டு வாறனே!"

யமனுக்குத் தமிழ் தெரியாது. காஸைப் பூட்டி, ஒட்டிய யன்னலைப் பிய்த்துத் திறந்து, என்னை அக்குளில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கட்டியிருந்த வேட்டி குசினியிலேயே தங்கிவிட்டது. கீழ்வீட்டுக் கிழவி தன் பூப்போட்ட ஏப்ரனைத் தந்தாள். அதோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மூன்று பேருக்கும் மூக்கில் ஒட்சிசன் வைத்தார்கள். காற்றுப் போதாமல் எரிந்த காஸிலிருந்து மணமில்லாத நச்சுவாயு வந்திருக்கிறது, இன்னும் சில மணித்தியாலம் உள்ளே இருந்திருந்தால் முதலில் பிள்ளைதான் போயிருக்கும் என்றார் டொக்டர். பின்னேரம் சுதா கண் திறந்து பிஸ்கட் கேட்டாள். அதைவிடப் பெரிய வரம் எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.

மறுநாள் நாங்கள் வீடு வந்ததும் அந்தக் கறுப்பு மனிதர் திரும்பி வந்து புகைக்கூண்டைச் சுத்தம் செய்தார். காற்றுத் துவாரத்திலிருந்து என் பட்டு வேட்டியை உருவி எடுத்து நீட்டினார். நீலச் சுடரைக் காட்டிப் பெருவிரலை உயர்த்தினார். மஞ்சள் என்று சொல்லி, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினார். கனநேரம் திறக்கவேயில்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஜெர்மன் தேவைப்படவில்லை. அழுதுவிட்டேன். முருகன் படத்தை அவரே பக்குவமாக எடுத்து, வேறு அறையில் எங்கே வைக்கலாம் என்று கண்ணால் கேட்டார்.

அன்றுதான் பாரணை, விரதம் முடித்துச் சாப்பிடும் நாள். முதல் வடையும் முதல் பாயாசமும் அவருக்குத்தான் போட்டோம். இரண்டாம் தரம் பாயாசம் கேட்டு வாங்கினார். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் வருடத்துக்கு ஒருதரம் ஹைட்சுங்கைப் பார்ப்பிக்காமல் நான் இருந்ததில்லை. எந்தத் துவாரத்தையும் அடைத்ததுமில்லை.

போன வருடம் எனக்கு இருதயத்தில் ஒரு சத்திரசிகிச்சை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது பயத்தில் முருகா, முருகா என்று முணுமுணுத்தேன். சுதா கூடவே நடந்து வந்தாள், அவளுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள். என் காதருகே குனிந்தாள்.

"அப்பா, பயப்பிடாதேங்கோ. ஆரும் வந்து கூப்பிட்டால், சாப்பிட்டிட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ."

நான் சிரித்த சிரிப்பில் தாதிப்பெண் கட்டிலை நிறுத்திவிட்டாள்.