வினோதா போட்ட தப்பு

உலகமே எதிர்த்தாலும் லிந்துலை மைதானத்தில் இறங்கியே தீருவது என்ற முடிவோடு வீரய்யா அன்று எழுந்தார். தேயிலைத் தோட்டத்துக் கிரிக்கெட் அணிக்கு அவர்தான் விக்கெட் கீப்பர். ஆறு வருஷத்தில் முதன்முறையாக இறுதிப் போட்டி.

உலகம் எதிர்க்கவில்லை. மனைவி வினோதாதான் எதிர்த்தாள். வீட்டுக்கு வெள்ளையடிக்காமல் வாசப்படி தாண்டக்கூடாது என்று அவள் சொல்லி மூன்று ஞாயிறு ஓடிவிட்டது.

ஆனால் வீரய்யாவிடம் ஆயுதம் இருந்தது. மெதுவான தாளமும் தணிந்த சுரமும் கேட்டால் எப்பேர்ப்பட்ட கல்மனசும் கரையும் என்று போன் வீடியோவில் ஒரு டாக்டர் விளக்கியிருந்தார். தேத்தண்ணியோடு அவள் உட்காரும் நேரம் பார்த்து, ஸ்பீக்கரில் வயலினை இழையவிட்டார். ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் முகம் இளகியது. ஐந்தாவது நிமிஷம் கண்ணீர்.

“என்னம்மா?”

“தெரியலைங்க. நெஞ்ச என்னமோ பண்ணுது. ஒங்கள ரொம்ப வெரட்டுறேன்ல?”

“சேச்சே! வந்து... இன்னைக்கு மேட்ச்சு...”

“போங்க. நல்லா வெளையாடிட்டு வாங்க.”

டாக்டர் வாழ்க! வீரய்யா பாய்ந்துபோய்க் காலில் சப்பாத்தை மாட்டினார்.

“ஏங்க, அழுது மனசு கனத்துப் போச்சு. டீம் வேன் வர்ற வரைக்கும் கலகலன்னு ஏதாச்சும் போடவா?”

“தாராளமா போடு!”

போட்டாள். திருவிழாத் தப்பு மேளம். அடி விழ விழ வீரய்யாவின் கால் தானாகத் துள்ளியது, தோள் குலுங்கியது, கை அந்தரத்தில் வீசியது.

“சும்மா வீசுற கைதானே, இந்த பிரஷ்ஷப் புடிங்க. அந்த மூலை மட்டும்.”

மூலைதானே! தப்புக்கு ஒரு அடி, பிரஷ்ஷுக்கு ஒரு இழுப்பு. மூலை சுவராயிற்று. சுவர் அறையாயிற்று. அவள் பாட்டின் வேகத்தைக் கூட்டினாள்; இவர் கையும் கூடியது. வெளியே வேன் பத்துத் தரம் ஹாரன் அடித்ததாம். அந்தத் தப்புச் சத்தத்தில் எவன் காதில் விழும்?

பாட்டு நின்றபோது வீடு முழுக்க வெளுத்திருந்தது. வீரய்யாவின் மீசையும்தான். அணி ஜெயித்துவிட்டதாகப் போனில் செய்தி வந்தது. புதுக் கீப்பர் நான்கு கேட்ச் பிடித்தானாம்.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

“அடியேய், ஒரே நாள்ல முடிச்சிட்டாரே! அந்தப் பாட்ட எனக்கும் அனுப்புடி. எங்க வீடும் அடிக்கணும்.”

“பாட்டு எதுக்குக்கா?” என்றாள் வினோதா. “ஆளையே அனுப்புறேன்.”