முதுகை யாரும் விசாரிக்கவில்லை

அந்த வீட்டில் வலி என்று ஒன்று இருந்தால் அது நூலகருடைய முதுகுவலி. வேறு யாருக்கும் அதில் பங்கு கிடையாது.

ஆறு வருடத்துக்கு முன்னால், நூலகத்தில் கலைக்களஞ்சியம் பன்னிரண்டு தொகுதிகளையும் ஒரே மூச்சில் தூக்கி வீரம் காட்டினார். பாதி வழியில் முதுகு ‘மளுக்’ என்றது. அன்றைக்குப் படுத்தவர்தான். மூன்றாவது வாரமே வலி போய்விட்டது என்பது அவருக்கும் தெரியும், முதுகுக்கும் தெரியும். இரண்டு பேரும் வெளியே மூச்சு விடவில்லை.

எதற்கு விட வேண்டும்? ஜன்னலோரத்துக் கை வைத்த நாற்காலி அவருக்கு. வெந்நீர்ப் பை அவருக்கு. தபால் நிலையத்தில் நாள் முழுக்க முத்திரை குத்திவிட்டு வரும் மனைவி, இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறுவாள். இவர் முன்னால் நடந்துபோய்க் கதவைத் திறந்துவிடுவார். அதையும் ஒரு முனகலோடுதான் செய்வார். வருகிறவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, “முதுகு எப்படி இருக்கு?” என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு, “ஏதோ இருக்கு” என்பார் பாருங்கள், அந்தச் சுகமே தனி!

ஒரு திங்கட்கிழமை அந்தச் சுகத்தில் மண் விழுந்தது.

“என்னங்க, எனக்குத் தோள் மூட்டு இறுகிப் போச்சாம். பிசியோதெரபி அம்மா சொல்லிட்டாங்க.”

“உனக்கா?”

“எனக்குத்தான். கை காதுக்கு மேல போக மாட்டேங்குது.”

“போகலேன்னா என்ன? காதுக்கு மேல உனக்கு என்ன வேலை?”

“கேன் தூக்கற வேலைதான்.”

அன்றே வெந்நீர்ப் பை கை மாறியது. கையைத் தாங்கி உட்கார வேண்டுமாம், நாற்காலியும் போனது. நூலகர் சமையலறை முக்காலிக்கு வந்து சேர்ந்தார். அன்று முதல் கேனைக் கல்லூரி போகும் மகள் தூக்கினாள்.

அதோடு விட்டதா? பிசியோ அம்மா ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தாள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களாலேயே சுவரில் மெல்ல மெல்ல ஏற வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. சாயங்காலமானால் கூடத்துச் சுவருக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். எதிர்வீட்டு அம்மா அடுப்பை அணைத்துவிட்டே வந்துவிடுவாள்.

“அடேயப்பா! நேத்தைக்கு இன்னிக்கு ஒரு விரக்கடை ஏறியிருக்கே!”

மகள் கைதட்டுவாள். முக்காலியிலிருந்து நூலகர் முனகுவார். யாரும் திரும்ப மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் சத்தமாக முனகுவார்.

“அப்பா, கொஞ்சம் மெதுவா. அம்மா மூச்சை எண்ணிட்டு இருக்காங்க.”

நூலகருக்குக் காதில் புகை வந்தது. ஒரு மாதத்துத் தோள், ஆறு வருடத்து முதுகை ஓரங்கட்டுவதா? மூத்தது மூத்ததுதானே? கூடப்பிறந்த அக்காவாவது கேட்பாள் என்று, அவள் அழைத்ததும் தொலைபேசியைப் பாய்ந்து எடுத்தார்.

“தம்பி, அவ தோள் எப்படிடா இருக்கு?”

“அது கிடக்குதுக்கா. என் முதுகுதான்…”

“சரி சரி, அவகிட்ட குடு.”

சொந்த அக்கா! அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை. யாரும் அதையும் கவனிக்கவில்லை.

மறுநாள், வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அழிப்பானை எடுத்தார். மேலே இருந்த மூன்று கோடுகளைத் தேதியோடு சுத்தமாகத் துடைத்தார். ‘இனிமேல் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கைதட்டுவார்கள், பார்க்கிறேன்’ என்று முக்காலியில் காத்திருந்தார். சாயங்காலம் மனைவியின் விரல்கள் வழக்கம்போல ஏறின.

“அம்மாடி! ஒரே நாள்ல நாலு விரக்கடை!” என்று எதிர்வீட்டு அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

மகள் அதைப் படம் பிடித்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். நூலகர் அழிப்பானைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார்.

இனி பொறுப்பதில்லை. அதே பிசியோ அம்மாவிடம் போவது. தன் முதுகுதான் பெரிது என்று எழுத்திலேயே வாங்கி வருவது. ஆறு வருடமாக மனைவி கெஞ்சியும் போகாத இடத்துக்கு, சனிக்கிழமை காலை தலையை வாரிக்கொண்டு கிளம்பினார்.

“வாங்க, வாங்க. உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன்” என்றாள் பிசியோ அம்மா.

தன் முதுகின் புகழ் இவ்வளவு தூரம் பரவியிருக்கிறதா என்று நூலகருக்கு மனசு குளிர்ந்தது.

பிசியோ அம்மா ஆள் குள்ளம், பிடி உடும்பு. மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் அவர் காலை ஒரு சாண் தூக்கினாள்.

“ஐயோ! அம்மா! போச்சு!”

“ரொம்ப வலியா?”

“உயிரே போகுது. இதை மட்டும் கொஞ்சம் எழுதிக் குடுத்துடுங்க.”

“குடுக்கறேன். எழுந்து கட்டில் ஓரமா காலைத் தொங்கப்போட்டு உக்காருங்க, பாதத்தைப் பாக்கலாம். நூலகத்துல இப்பல்லாம் கூட்டம் வருதா சார்?”

விடுவாரா? புத்தகத்தில் எண்ணெய்க் கறை பண்ணுகிறவர்களைப் பற்றி ஆரம்பித்தார். பக்கத்தைக் கிழிக்கிறவர்களைத் திட்டினார். அவள் தலையாட்டிக்கொண்டே அவர் பாதத்தைப் பிடித்துத் தூக்கினாள். கால் நேராக நீண்டு நின்றது. இவர் கடைசிப் பக்கத்தைக் கிழித்த ஒருத்தனைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சார், படுத்துத் தூக்கினாலும் உக்காந்து நீட்டினாலும், முதுகுலேருந்து காலுக்கு இறங்கற நரம்புக்கு ஒண்ணுதான். அப்ப உயிர் போச்சு. இப்ப எங்க போச்சு?”

நூலகருக்கு முகத்தில் அசடு வழிந்தது.

“வலி எப்பவோ போயிடுச்சு சார். உக்காந்து உக்காந்து தசைதான் சோம்பேறியாயிடுச்சு. முதுகுவலிக்கு ரெண்டு நாளுக்கு மேல படுக்கையே ஆகாது. நடக்கணும், குனியணும், தூக்கணும். முழங்காலை மடக்கி, சுமையை நெஞ்சோட சேத்து, மூச்சை அடக்காம தூக்கணும். தினம் ஒரு தண்ணி கேன்.” எழுதியபடியே நிமிர்ந்து பார்த்தாள். “உங்க சம்சாரத்துக்கு வந்திருக்கே, அது நிஜ வலி. ஆறு வருஷமா ஒரே தோள்ல கேன் ஏத்தியிருக்காங்க.”

நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. மூன்றாவது வாரத்துக்கு அப்புறம் அவருக்கு வந்த முதல் நிஜ வலி அதுதான். பாவம் பண்ணிவிட்டோமே என்று வழியெல்லாம் தலை குனிந்தே நடந்தார்.

வீட்டுக்கு வந்து சீட்டை நீட்டினார். மனைவி இரண்டு தடவை படித்தாள்.

“அடக்கடவுளே, உங்களையா தூக்கச் சொல்லியிருக்காங்க? வேணாங்க, பொண்ணு தூக்கட்டும்.”

“சும்மா இரு. நான்தான் தூக்குவேன்” என்றார். அதை உண்மையாகவே சொன்னார்.

கீழே போனார். முழங்காலை மடக்கினார், கேனை நெஞ்சோடு அணைத்தார், இரண்டு மாடியும் ஏறினார். பாவி முதுகு ஒரு வார்த்தை முனகவில்லை. மனைவி முன்னால் நடந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டாள். அதையும் ஒரு முனகலோடு செய்தாள். எதிர்வீட்டு அம்மாவும் மகளும் வாசலிலேயே நின்றார்கள்.

தொலைபேசி அடித்தது. மனைவி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“டேய் தம்பி,” அக்காவின் குரல் நெகிழ்ந்திருந்தது. “ஒரு மாசமா நாக்கைக் கடிச்சுட்டு இருந்தேன்டா. உன் பொண்டாட்டி கண்டிப்பா சொல்லிட்டா. அவரை யாரும் விசாரிக்கக் கூடாது, விசாரிச்சா அந்த மனுஷன் வைத்தியத்துக்குப் போகவே மாட்டார்னு. உன் பொண்ணுக்கும் எதிர்வீட்டு அம்மாவுக்கும் அதே உத்தரவாம். இன்னிக்குத்தான் கேக்கலாம்னு விட்டா. சொல்லுடா ராஜா, முதுகு எப்படி இருக்கு?”

ஒரு மாதமாக அவர் ஏங்கிக் கிடந்த கேள்வி. வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது, நெஞ்சோடு இருபது லிட்டர் இருந்தது. எதிரே மூன்று பேர் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

“நல்லாத்தான் இருக்குக்கா” என்றார்.