எஸ் கேட்டாள், பி வாங்கினேன்

எல்லாவற்றையும் தப்பாக வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

இதைச் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பதினெட்டு வருஷமாக ஊரார் தொலைத்த ஒற்றெழுத்துகளைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டிருப்பவன். அப்படிப்பட்டவன் தெரிந்தே பிழை செய்யக் கிளம்பினான் என்றால், வீட்டு நிலவரம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. மூன்று மாதம் எங்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. மாடிப்படி ஏறக் கூடாது, தரையில் குந்தக் கூடாது. எங்கள் வீட்டிலோ ஒரே கழிப்பறை, அதுவும் மாடியில். ஆகவே கீழே ஒரு டாய்லெட் வைத்தாக வேண்டும். அது தயாரானால் இங்கே வருவார். தாமதமானால் மைத்துனன் வீட்டுக்குப் போய்விடுவார்.

மாமியார் கெட்டவர் இல்லை. முப்பத்தைந்து வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான். உள்ளே இருக்கும் நர்ஸ் இன்னும் டியூட்டியில் இருக்கிறார். போன தடவை வந்த பத்து நாளும், நான் கண் விழிப்பதற்குள் என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிவிட்டார். சர்க்கரை டப்பா எங்கே போயிற்று என்று கேட்க வாயைத் திறந்தால், "அப்படியே நாக்கை நீட்டுங்க மாப்பிள்ளை" என்பார்.

கீழே இருக்கும் ஒரே படுக்கையறை என்னுடையது. அதில் ஒரு கட்டில், ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ரேடியோ, எட்டு வருஷத்துப் பழைய பத்திரிகைகள். நான் அதைப் படிக்கும் அறை என்பேன். மனைவி குறட்டை அறை என்பாள். அதை ஒட்டியுள்ள சாமான் அறையில் டாய்லெட் வைத்துவிட்டால், அம்மா அங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்றாள்.

"உயிரே போனாலும் அந்த அறையைத் தரமாட்டேன்" என்றேன்.

"சரிங்க. அப்ப படிக்கட்டுக்கு அடியில வெச்சுக்கலாம். அம்மா கூடத்துல படுத்துக்கட்டும்."

அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை. எனக்குத்தான் உறைக்கவில்லை.

பிளம்பர் சாமான் லிஸ்ட் கொடுத்துவிட்டுப் போனார்.

"நான் போய் வாங்கிட்டு வரேன்" என்றாள்.

"நீ எதுக்கு அலையணும்? நான் வாங்கறேன்."

"நீங்களா?"

"நான்தான்."

என்னை ஒரு விநாடி பார்த்தாள். உள்ளே போனாள். பிளம்பரின் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கிறதென்று, தானே வேறொரு தாளில் எழுதி எடுத்து வந்தாள்.

"முதல்ல கோப்பை. எஸ் டைப். கழிவு போற வாய் கீழ்ப்பக்கமா தரைக்குள்ள இறங்கும். மறந்தும் பி டைப் வாங்கிடாதீங்க. அதுக்கு வாய் பின்பக்கம், சுவரைத் துளைச்சுக்கிட்டுப் போகும். படிக்கட்டுக்கு அடியில அது ஆகாது. எஸ். புரிஞ்சுதா?"

"எஸ்" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் சொல்லிவரும் ஒரே எழுத்து அதுதான். கடைக்குப் போய் முதல்முறையாக "பி" என்றேன். மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

"வீட்டுல கேட்டுக்கிட்டு வந்தீங்களா சார்?" என்றார் கடைக்காரர்.

"என் வீட்டுல நான் வெச்சதுதான் சட்டம்."

"சந்தோஷம். டீ வேணுமா?"

"வேண்டாம், இப்பதான் குடிச்சேன்."

"குழாய்க்கு சார்."

மூன்று வாய் உள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டை மேஜைமேல் வைத்தார். லிஸ்ட்டைப் பார்த்தேன். 'டீ ஒன்று போதும்' என்று இருந்தது. இரண்டு வாங்கினேன்.

வீட்டில் கோப்பையைப் பிரித்துப் பார்த்தாள்.

"அடடா, பி-யா?"

"கடைக்காரன் மாத்திக் கட்டிட்டான் போல. திருப்பிக் குடுத்து வேற வரவழைக்க ரெண்டு வாரம் ஆகுமாம்."

"போகுது விடுங்க. மத்ததையாவது சரியா வாங்குங்க. குழாயைத் திருப்பற பெண்ட் நாற்பத்தஞ்சு டிகிரி. தொண்ணூறு வேண்டாம். மேல மூடி போட்டது வேண்டவே வேண்டாம். பைப் ஆறடி. பத்தடி வாங்கினா வீண்."

மறுநாள் தொண்ணூறு டிகிரியில், மூடி போட்ட பெண்ட் வாங்கினேன். பைப் பத்தடி. எந்த வண்டிக்காரரும் அதை ஏற்ற மாட்டேன் என்றதால், தோளில் சுமந்து நடந்தேன். வளைவில் திரும்பும்போதெல்லாம் தெருவே குனிந்து நிமிர்ந்தது. பெண்ட் வாங்கப் போய் எனக்குப் பெண்டு நிமிர்ந்ததுதான் மிச்சம்.

"என்ன சார், கம்பு ஊன்றித் தாண்டற போட்டியா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"கிட்டத்தட்ட" என்றேன். தாண்டிவிட்டதாகவே நினைத்தேன். வாங்கியதில் ஒரு சாமான்கூட படிக்கட்டுக்கு அடியில் பொருந்தாது. மைத்துனனை நினைத்துக் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் அச்சகத்திலிருந்து திரும்பினேன். வாசலில் என் சாய்வு நாற்காலி நின்றது. அதன்மேல் ரேடியோ. அதன்மேல் பத்திரிகைக் கட்டு. உள்ளேயிருந்து தண்ணீர் 'குபுக்'கென்று இறங்கும் சத்தம் கேட்டது.

என் சாமான் அறையில், பின்சுவரை ஒட்டிக் கோப்பை வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது. பிளம்பர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க எதுக்கு வெச்சீங்க?"

"பி டைப் இங்கதானே சார் வைக்க முடியும்? சுவருக்கு அந்தப் பக்கமே கழிவுத் தொட்டி. பத்தடி பைப்புக்கு நல்ல வாட்டம் கிடைச்சுது. வாட்டம் இருந்தாத்தான் எல்லாம் சரிஞ்சு ஓடும்."

அப்போது என் முகத்தில் இருந்த வாட்டத்துக்கு ஒரு ஆறே ஓடியிருக்கும்.

"ஒரு சாமான் குறையில்ல, ஒரு சாமான் மிச்சமில்ல. நான் எழுதிக் குடுத்ததை அப்படியே வாங்கியிருக்கீங்க சார்" என்று சொல்லி, ஜன்னல் கம்பியில் செருகியிருந்த தன் லிஸ்ட்டை எடுத்துக் காட்டினார்.

முத்து முத்தான கையெழுத்து. பி டைப் ஒன்று. டீ இரண்டு. தொண்ணூறு டிகிரி மூடி பெண்ட். பைப் பத்தடி. தொழில் பழக்கத்தில் இரண்டு தடவை படித்தேன். ஒரு பிழை இல்லை.

மனைவி பக்கம் திரும்பினேன்.

"அப்ப நீ குடுத்த லிஸ்ட்?"

"அதுவும் இதேதாங்க. கவுத்து எழுதினேன். நேரா எழுதியிருந்தா நீங்க எஸ்ஸைத்தானே வாங்கியிருப்பீங்க."

"நான் தப்பா வாங்குவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வாங்கன்னா முட்டி வலிக்குதுன்னு சொல்றவர், எங்கம்மாவுக்கு டாய்லெட் வாங்கத் தானா கிளம்பினா எனக்குத் தெரியாதா? உங்க கட்டிலை மாடியில போட்டாச்சு. வெளிச்சமா இருக்கும், படிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நேராகச் சாமான் அறைக்குள் போனார். உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார், மூடியைத் தட்டிப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"இதெல்லாம் மாப்பிள்ளையே தோள்ல சுமந்துக்கிட்டு வந்தாராமே?"

"ஆமாம்மா" என்றாள் மனைவி. "தன் அறையைக்கூட உனக்காக விட்டுக் குடுத்துட்டார்."

மாமியார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பெத்த பிள்ளைகூட எனக்கு இப்படிச் செய்ததில்லை. மூணு மாசம் என்ன மாப்பிள்ளை கணக்கு, இனிமே நான் இங்கயே இருந்துடறேன்."