ஓட்டை போடும் உத்தியோகம்

காஜா பெராங், மலாக்கா
16-6-1960

அன்புள்ள மச்சான் பொன்னுதுரை அவர்களுக்கு, அப்பாசாமி எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உங்கள் தங்கை ருக்மணியும் மகள் கோகிலாவும் சுகம். சிரம்பானில் நீங்களும் வீட்டாரும் நல்ல திடத்தோடு இருக்க வேண்டும். மேற்கொண்டு படிக்க அந்தத் திடம் தேவைப்படும்.

கோகிலாவுக்கு நீங்கள் பார்த்த பையன் ஜெயபாலனை, ‘ரப்பர் கம்பெனியில மெஷின் டிபார்ட்மெண்ட், எண்ணெல்லாம் அவன் கையிலதான்’ என்று வானளாவப் புகழ்ந்தீர்களே, போய்ப் பார்த்தேன். ஆற்றோரத்து ஆபீசில், விசிறிக்கு அடியில், கஞ்சி போட்ட சட்டையோடு உட்கார்ந்து உங்கள் பையன் என்ன செய்கிறான் தெரியுமா? அட்டையில் ஓட்டை போடுகிறான். ஆமாம், ஓட்டை! காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் ஓட்டை. இதற்கு சீனியர் கேம்பிரிட்ஜ் வேறு பாஸ் செய்திருக்கிறானாம். எங்கள் வீட்டு அலமாரியில் கரையான் எந்தப் பரீட்சையும் எழுதாமலே இதே வேலையைத்தான் செய்கிறது. நானும் தோட்டத்தில் பெரிய கிராணியாகக் கணக்கு எழுதினவன். ஆள் கணக்கு எழுதும் செக்ரோலில் ஒரு ஓட்டை விழுந்திருந்தால் துரை என்னைத் தொலைத்திருப்பார். மெர்டேக்கா என்று சுதந்திரம் வாங்கி என்ன பிரயோசனம், இப்போது ஓட்டை விழுந்தால்தான் சம்பளமாம்.

இது என்னடா என்று கேட்டேன். ‘இது ஓட்ட இல்ல மாமா, நம்பரு. வரிசைக்கு ஒரு இலக்கம். ஓட்ட எந்த இடத்துல இருக்குன்னு பார்த்து மெஷின் படிச்சுக்கும்’ என்றான். இன்னும் தாம்பூலமே மாற்றவில்லை, அதற்குள் மாமாவாம்! ‘அப்ப இதுல என்ன எழுதியிருக்கு, நீ படி’ என்று ஓர் அட்டையை நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், விரலால் தடவிப் பார்த்தான், கடைசியில் மெஷினில் போட்டுத்தான் சொன்னான். எழுதினவனுக்கே படிக்க வராத எழுத்தை இந்த வயதில்தான் பார்க்கிறேன். சரி, அரை, கால் எல்லாம் எப்படிப் போடுவாய் என்றேன். ‘அதெல்லாம் இதுல போட முடியாது மாமா, முழு எண் மட்டுந்தான்லா’ என்கிறான். உங்கள் தங்கை பாசாரில் அரைக் காட்டி எடை நெத்திலி கேட்டால், மீன்கடைத் தவுக்கே வாயாலேயே கணக்குச் சொல்லி முடித்துவிடுகிறான். ஒரு லாரி பாரம் இருக்கிற மெஷினுக்கு அரை தெரியாதாம். த்தூ!

என் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்தானோ என்னவோ, ‘ஜாதகத்தக் கொண்டாங்க மாமா, இதுலேயே பொருத்தம் பார்த்துக் காட்டறேன். நட்சத்திரம் இருபத்தேழு, ராசி பன்னெண்டு, எல்லாம் முழு எண்தானே’ என்றான். மெஷினின் யோக்கியதையைப் பார்த்துவிடலாமென்று, மறுநாள் கோகிலா ஜாதகத்தோடு என் ஜாதகத்தையும் உங்கள் தங்கையின் ஜாதகத்தையும் சேர்த்துக் கொண்டுபோனேன். நானும் பார்க்கணும் என்று ருக்மணியும் கூடவே வந்துவிட்டாள். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தோடு மெஷின் ஓடி, எங்கள் இருவர் அட்டையையும் ‘பொருந்தாது’ என்கிற பெட்டியில் தள்ளியது. தள்ளியதா? உங்கள் தங்கை கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, ‘எனக்கு எப்பவோ தெரியும். இந்த மெஷின் அன்னைக்கே இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்’ என்றாள். ஆபீசே சிரித்தது. உங்கள் பையன் அட்டையை எடுத்துப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு, ‘தப்பு என் மேலதான் மாமா. ஒண்ணுக்கான இலக்கத்த முன்னாடி அடிச்சிட்டேன், மெஷின் பத்துக்கான இலக்கத்தத்தான் முதல்ல படிக்கும்’ என்றான். அதாவது, ஒன்றையும் இரண்டையும் இடம் மாற்றி, பன்னிரண்டாவது நட்சத்திரமான உத்திரத்தில் பிறந்த உங்கள் தங்கையை, இருபத்தொன்றாவதான உத்திராடத்தில் பிறக்க வைத்துவிட்டான்! திருத்தி அடித்துப் போட்டான், பொருந்தியது. கோகிலாவுக்கும் அவனுக்கும்கூடப் பொருந்துகிறதாம். பொருந்தாமல் என்ன செய்யும், மெஷினுக்கு அட்டை ஊட்டுகிறவன் அவன்தானே. ஆனால் ருக்மணியோ முதலில் சொன்னதுதான் சரி என்று பிடிவாதமாக இருக்கிறாள். நேற்று காப்பி கேட்டதற்கு, ‘பொருந்தாத ஆளுக்கு என்ன காப்பி’ என்றாள்.

ஆகவே மச்சான், இந்தச் சம்பந்தம் வேண்டாம். முன்னே வர வேண்டியதைப் பின்னே போடுகிறவன் கையில் என் பெண்ணைக் கொடுக்க முடியாது. அவரைத்தான் பிடித்திருக்கிறது என்று கோகிலா தன் அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. ஒற்றைப் பெண், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அது வேறு விஷயம். பையன் வீட்டாரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லி முடித்துவிடுங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். பெரியவனைக் கணக்குப் படிக்க வையுங்கள், பேனாவால்.

இப்படிக்கு,
உங்கள் தங்கைக்குப் பொருந்தாத
அப்பாசாமி

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கப் போகிற வழியில், அங்கேயே விட்டுவந்த ஜாதகங்களை வாங்கிக்கொள்ளலாமென்று அந்த ஆபீசுக்குள் நுழைந்தேன். கம்பெனி மெஷினில் ஜாதகம் பார்த்த குற்றத்துக்காக, வேலையை விட்டே துரத்தப்போவதாக வெள்ளைக்காரத் துரை ஜெயபாலனை நிற்கவைத்து ஏசிக்கொண்டிருந்தார். பையன் என் பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். தலையைக் குனிந்து நின்றானே தவிர வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்துவிட்டது. ‘செய்யச் சொன்னது நான். ஏசுறதுன்னா என்னை ஏசுங்க, என் மாப்பிள்ளைய ஏசாதீங்க!’ என்று தமிழும் இங்கிலீஷுமாகக் கத்திவிட்டேன். கத்தி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. துரை மலைத்துப்போய், இனிமேல் செய்யாதே என்று எச்சரித்து விட்டுவிட்டார். நான் சைக்கிளை மிதித்துக் காஜா பெராங் வந்து சேருவதற்குள் சேதி வீட்டுக்கு வந்துவிட்டது. கோகிலா வாசலுக்கு ஓடிவந்து ‘அப்பா’ என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, மச்சான். ஆடி பிறப்பதற்குள் தாம்பூலம் மாற்றிவிட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வந்துவிடுங்கள். இவ்வளவு எழுதியதைக் கிழித்துப்போட மனம் வராமல்தான் அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள், மாப்பிள்ளை கண்ணில் பட்டுவிடக் கூடாது.