சுங்கம் வாங்கி ஏழையானவர்

டோல்கேட்டைக் குத்தகைக்கு எடுத்து ஏழையான மனிதர் இந்த ராஜதானியிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சரளைச் சேர்வை. மற்றவர்கள் டோல்கேட்டை எடுத்து மாடி வீடு கட்டினார்கள், பெண்ணுக்கு வைரத்தோடு போட்டார்கள், காசிக்குப் போய்விட்டு வந்தார்கள். சேர்வை டோல்கேட்டை எடுத்து ரோடு போட்டார். சுங்கம் வாங்குவது ரோட்டுக்காக என்று யாரோ சொன்னதை அந்த மனிதர் அப்படியே நம்பிவிட்டார். இப்படி ஓர் அசட்டுத்தனத்தை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை.

டோல்கேட்டுகளை ஒழித்துப் பல வருஷம் ஆகிவிட்டதால் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கட்டை, பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. மாட்டு வண்டியானாலும் மோட்டாரானாலும் காசு கொடுத்தால் கட்டை மேலே போகும். வருஷா வருஷம், ரோட்டுக்குப் பொறுப்பான ஜில்லா போர்டார் அந்தக் கட்டையை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் போர்டுக்குத் தவணை தவணையாகப் பணம் கட்டவேண்டும். அதற்கு மேல் வசூலாவது அவர் மடிக்கு.

சரி, ரோடு? காரைக்குடியிலிருந்து அரியக்குடிக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் மரங்கள் நின்றன. ஆகையால் நடுவில் இருப்பதுதான் ரோடு என்று நாங்களாகவே தெரிந்துகொண்டோம். போர்டு ஓவர்சியர் ரோட்டைப் பார்வையிட சைக்கிளோடு வருவார். சைக்கிளில் வருவார் என்று நான் சொல்லவில்லை. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார். பார்த்துவிட்டு, "எஸ்டிமேட் போயிருக்கு, சாங்ஷன் வரலை, பணமில்லை" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தோளில் தூக்கிக்கொண்டு திரும்புவார். மெட்ராஸில் தார் போட்டாகிவிட்டது, இங்கேயும் போடுவோம், நவீன காலம் வந்துகொண்டே இருக்கிறது என்று போர்டு பிரசிடெண்டு கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவார். அந்த நவீன காலம் எங்கள் ரோட்டு வழியாக வந்திருந்தால் அச்சு முறிந்து எங்கேயாவது கிடந்திருக்கும்.

சேர்வை அப்போது வாடகை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் சுங்கம் கொடுத்துவிட்டுக் கட்டையைத் தாண்டியதும் தாண்டாததுமாக ஒரு குழியில் அவருடைய மயிலைக் காளை காலை விட்டது. கால் போயிற்று. காளையும் போயிற்று. அப்போதைய குத்தகைக்காரரிடம் போய், "ரோட்டுக்குத்தானே காசு வாங்குறீக? ரோடு எங்க?" என்று கேட்டார்.

"அதைப் போர்டுல போய்க் கேளு. நான் கட்டை தூக்குறவன்" என்றார் அவர்.

போர்டு ஆபீசுக்குப் போனார். பணமில்லை என்றார்கள். "அப்ப எங்கிட்ட வாங்குற காசு எங்குட்டுப் போகுது?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை அந்த ஆபீசில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. பியூன் கழுத்தில் கைவைத்து வெளியே தள்ளினான்.

அடுத்த ஏலத்தில் சேர்வை போய் உட்கார்ந்தார். அவர் கண்ணைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் கொஞ்ச நேரத்திலேயே விலகிக்கொண்டார்கள். சேர்வை மட்டும் நிறுத்தவில்லை. தாம் கேட்ட தொகைக்கு மேல் தாமே ஏற்றிக்கொண்டே போனார். ஏலம் கூறியவருக்கே பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, எதிர்க்க ஆளே இல்லையே. யாரோட போட்டி போடுறே?"

"ரோடு அம்புட்டு மோசமாக் கெடக்குதுல்ல!" என்றார் சேர்வை. பணம் கூடக் கூட ரோடு நன்றாக வரும் என்பது அவர் கணக்கு.

ஈடு வைக்க அவரிடம் ஒன்றுமில்லை. அவர் சம்சாரத்துக்குத் தகப்பனார் எழுதிக்கொடுத்த நிலம் கண்மாய்க்குக் கீழே இருந்தது. அதுதான் அந்த வீட்டுச் சோறு. அதை ஈடாக வைத்தார். அந்த அம்மா தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்: "தவணை தவறுனா நெலம் போயிரும், தெரியுமா ஒங்களுக்கு?"

"ரோடு வந்துரும்ல?" என்றார் இவர்.

மிச்சமிருந்த ஒற்றைக் காளையையும் விற்று முதல் தவணையைக் கட்டினார். கட்டிவிட்டுக் கொட்டகை வாசலில் நின்று ரோடு வருகிறதா என்று பார்த்தார். மாதங்கள் போயின, ரோடு வரவில்லை. போர்டு ஆபீசுக்குத்தான் புதிதாக ஒரு பெரிய சுவர்க் கடிகாரமும், பிரசிடெண்டு அறைக்கு வெல்வெட்டுத் திரையும் வந்தன. இதைக் கேட்டதும் அந்த மனிதருக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. எனக்கு இன்றைக்கும் ஏறுகிறது. கடிகாரத்தின் மேலா வண்டி ஓட்டுவது?

மறுநாள் காலையில் கட்டையருகே நின்றுகொண்டு உத்தரவு போட்டார். "இனிமே காசு வேணாம். சரளை கொண்டாங்க. வண்டிக்கு ஒரு கூடை. மோட்டாருக்கு மூணு கூடை."

அன்றைக்கு வந்த பெயர்தான் சரளைச் சேர்வை. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது.

வண்டிக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். கட்டை மேலே போகவில்லை. சிரிப்பு நின்றது. நானும் தப்பவில்லை. நான் அரியக்குடியில் குடியிருந்துகொண்டு காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். தினம் நடைதான். நடந்து போகிறவனுக்குச் சுங்கம் கிடையாது என்பது சர்க்கார் சட்டம். சேர்வை சட்டம் வேறாக இருந்தது.

"என்ன வாத்தியாரே, வெறுங்கையோட வாரீக?"

"நடக்குறவனுக்கு ஏது சுங்கம், சேர்வையாரே?"

"ரோட்டு மேலதான நடக்குறீக? மரத்து மேலயா நடக்குறீக?"

அன்றிலிருந்து ஒரு கையில் குடையும் ஒரு கையில் கல்லுமாகப் புறப்பட்டேன். வழியில் என்னைக் கண்ட பள்ளிக்கூடப் பையன்கள் எதிர்ப்பக்கம் பிடித்த ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அந்த வருஷம் என் வகுப்பில் சத்தமே இல்லை.

ஒருநாள் செக்காலைப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய வீட்டு ஆச்சி புது மோட்டாரில் வந்தார்கள். சேர்வை கட்டையை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்.

"ஆச்சி, கோவிச்சுக்கிறாதீக. மூணு கூடை சரளை."

"ஏம்ப்பா, கல்லுச் சொமக்கவா அப்பச்சி இதை ரங்கோன்லருந்து கப்பல்ல அனுப்பியிருக்காக?"

"சொமக்க வேணாம் ஆச்சி. ரோடு இல்லாட்டி இந்தக் காரை நாலு பேருதான் சொமக்கணும்."

ஆச்சி சிரித்துவிட்டார்கள். மறுநாள் அவர்கள் வீட்டிலிருந்து வண்டி வண்டியாக உடைசல் வந்தது. கட்டிக்கொண்டிருந்த புது வீட்டில் தரைக்குப் பதிக்க வாங்கி உடைந்துபோன ஆத்தங்குடிப் பூக்கல். சேர்வை அதையும் விடவில்லை, கொட்டி இடித்துவிட்டார். கொஞ்ச தூரத்துக்கு ரோட்டில் பூவும் கொடியுமாக இருந்தது. மாடுகள் அந்த இடத்துக்கு வந்ததும் கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாதிரி தயங்கித் தயங்கிக் கால் வைத்தன.

காரைக்குடி முனையில், டோல்கேட்டுப் பக்கம் ரோடு மேடாகிக்கொண்டே வந்தது. அரியக்குடிப் பக்கம் பள்ளமாகிக்கொண்டே போனது. தினம் நடக்கிற எனக்கே அது விளங்கவில்லை. ஒருநாள் சேர்வை தம் ரோட்டை முழுக்கப் பார்த்து ரசிக்கலாம் என்று என்னோடு புறப்பட்டார். அரியக்குடிக்குக் கிட்டத்தில் வண்டிக்காரன் முத்தையா கடப்பாறையால் ரோட்டைப் பெயர்த்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். எல்லா வண்டிக்காரர்களும் இந்த முனையில் பெயர்த்துத்தான் அந்த முனையில் சுங்கம் கட்டியிருக்கிறார்கள்!

"அடேய், ரோட்டைப் பேத்தாடா குடுக்கச் சொன்னேன்?"

"என்ன அண்ணே கத்துறீக? போர்டு மட்டும் என்ன செய்யுது? அங்குட்டு எடுத்து இங்குட்டுக் குடுக்குது. அதைத்தான நாங்களும் செய்யுறோம்."

சேர்வை அப்படியே குழிக்குள் உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவிகளா, என்னையும் போர்டு ஆக்கிப்புட்டீகளேடா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாளே சட்டத்தை மாற்றினார். கல்லும் வேண்டாம், பழையபடி காசே கொடுங்கள் என்றார். வந்த காசை அன்றன்றைக்கே கூலியாகக் கொடுத்துப் பொட்டலில் சரளை வெட்டி, அரியக்குடி முனையிலிருந்து புதிதாகப் போட்டுக்கொண்டு வந்தார். கொட்டகையில் ஒரு செப்புக்காசு தங்கவில்லை. தவணை நாள் நெருங்க நெருங்க எனக்குப் பயமாகிவிட்டது.

"சேர்வையாரே, போர்டுக்கு என்ன கட்டப்போறீங்க? நிலம் ஈட்டுல இருக்கு."

"வந்து பாக்கட்டும் வாத்தியாரே. பாத்தா மனசு எளகாதா? அவுகளும் மனுசங்கதான?"

அது ஒன்றில்தான் அவர் கணக்கு மொத்தமாகத் தப்பியது.

ரோடு என்னவோ வந்துவிட்டது. வரமாட்டேன் என்ற பஸ்காரர்கள் தானாக வந்தார்கள். வண்டியில் ஏறினால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள் தூங்கி எழுந்து இறங்கினார்கள். இரண்டாம் தவணை வரவில்லையே என்று விசாரிக்க ஓவர்சியரும் வந்தார். அந்த ரோட்டில் அவர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து வந்தது அதுதான் முதல் தடவை. ரோடு வழுவழுவென்று இருக்கவே சைக்கிள் பறந்தது. தோளில் தூக்கியே பழகினவருக்குப் பிரேக் ஞாபகம் வரவில்லை. நேரே கட்டையில் வந்து மோதி விழுந்தார். எழுந்து மண்ணைக்கூடத் தட்டாமல் கேட்டார்.

"சுங்கப் பணம் எங்கேய்யா?"

"அது மேலதான விழுந்து கெடந்தீக" என்றார் சேர்வை.

நோட்டீஸ் வந்தது. பணம் கட்டாதது ஒரு குற்றம். போர்டுக்குச் சொந்தமான ரோட்டைப் போர்டின் அனுமதி இல்லாமல் ரிப்பேர் செய்தது இன்னொரு குற்றம். இதை நான் இட்டுக்கட்டவில்லை. அந்தக் காகிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டியவனே நான்தான். குழி வெட்டினவன் மேல் குற்றமில்லை, குழியை விட்டுவைத்தவன் மேல் குற்றமில்லை, மூடியவன் குற்றவாளி!

கூட்டத்துக்குச் சேர்வையும் போனார், துணைக்கு நானும் போனேன். பிரசிடெண்டு எழுந்து, அரியக்குடி ரோட்டைப் போர்டு எவ்வளவு சிறப்பாகச் செப்பனிட்டிருக்கிறது என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வேலைக்காக ஒரு காண்ட்ராக்டருக்குப் பணமும் பாஸ் ஆயிற்று. அந்த ஆசாமி அரியக்குடி எந்தத் திசையில் இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டதை என் காதால் கேட்டேன். அடுத்த விஷயமாக, தவணை தவறிய குத்தகைக்காரரின் ஈட்டை ஏலம் விடுவது என்று தீர்மானம் போட்டார்கள்.

சேர்வை எழுந்தார். "ஐயா, எங்காசைக் குடுக்க வேணாம். எஞ்சம்சாரத்து நெலத்தை மட்டும் விட்டுருங்க. அவ ஒரு தப்பும் பண்ணலை."

"சட்டம்னு ஒண்ணு இருக்குப்பா" என்றார் பிரசிடெண்டு. கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் முடிந்தது.

நிலத்தை ஏலத்தில் எடுத்தவர் ஓவர்சியரின் மைத்துனர். இதற்கு மேல் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். ஆனாலும் சொல்கிறேன். இப்போது டோல்கேட்டு இல்லை, மோட்டாருக்கு வரி, பெட்ரோலுக்கு வரி என்று மாற்றியிருக்கிறார்கள். பஸ் சார்ஜில் அதை நம் தலையில்தான் கட்டுகிறார்கள். அந்தக் காசு எங்குட்டுப் போகிறது என்று கேட்க இன்னொரு சேர்வை இனிமேல்தான் பிறக்கவேண்டும்.

நிலம் போனபிறகு அவர்களுக்கு ஊரில் பிழைப்பில்லை. அரியக்குடிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாவின் அண்ணன் வீடு இருந்தது. ஒருநாள் சாயங்காலம் சட்டி பானைகளை முத்தையா வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். பள்ளிக்கூடம் விட்டுவந்த என்னையும் ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். சேர்வை முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா பின்னால், மடியில் ஓர் எண்ணெய்ப் பானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த நிலத்தில் கடைசியாக விளைந்த எள்ளை ஆட்டிய எண்ணெய். இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. நிலம் போன நாளிலிருந்தே இல்லை என்று முத்தையா எனக்கு ஜாடை காட்டினான்.

டோல்கேட்டில் புதுக் குத்தகைக்காரர் கையை நீட்டினார். சேர்வை மடியை அவிழ்த்துக் காசு கொடுத்தார். கட்டை மேலே போயிற்று.

ரோடு போட்டபிறகு அந்த அம்மா அந்தப் பக்கம் வந்ததே இல்லை. வண்டி போய்க்கொண்டிருந்தது. குலுக்கல் வரும் வரும் என்று பானையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தவர், கொஞ்ச தூரம் போனதும் எட்டிப் பானைக்குள் பார்த்தார். எண்ணெய் அசையவில்லை. ஒரு கையை எடுத்தார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் பானையை இறக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, வண்டிக்கு வெளியே தலையை நீட்டி ரோட்டைப் பார்த்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்கீக" என்றார்.

சேர்வை திரும்பவில்லை. முத்தையா முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"மெதுவா ஓட்டுடா. அவ இன்னும் பூராவும் பாக்கலைல்ல?"

முத்தையா கயிற்றை இழுத்துப் பிடித்தான். அரியக்குடியில் என் வீட்டு வாசல் வந்தது, போனது. நான் இறங்கவில்லை.