பதினொரு செத்தல் மிளகாய்

இலண்டன் மாநகரத்தில் நான் கால் வைக்கக்கூடாத இடம் ஒன்றே ஒன்றுதான். தேம்ஸ் கரையில், சுட்ட இறைச்சிக்குப் பேர்போன ஒரு பழைய துறைமுகச் சந்தை. இனிமேல் வரவேண்டாம் என்று அதன் மனேச்சர் மிகவும் மரியாதையாக, மூக்கைத் துடைத்தபடி, என்னைக் கேட்டுக்கொண்டார். நான் களவெடுக்கவில்லை. சண்டை பிடிக்கவில்லை. குடித்துவிட்டு ஆடவுமில்லை. என்னிடம் பதினொரு செத்தல் மிளகாய் இருந்தது, அவ்வளவுதான்.

நான் இருபத்தாறு வருடம் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் பெட்டி எண்ணுகிற வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு பெட்டிகள் இல்லாமல் போயின, எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. மாடிப்படிகள், பூசைக்கு வந்த தலைகள், பிரசங்கத்தில் எங்கள் பாதிரிச் சுவாமி 'ஆகவே' சொன்ன தடவைகள், எல்லாவற்றையும் எண்ணுவேன். (நான் குறட்டையும் எண்ணித்தான் விடுகிறேன் என்பது என் மனைவி றீற்றாவின் குற்றச்சாட்டு.)

அந்த நாட்களில் நான் அதிகமாக எண்ணிக் கவலைப்பட்டது மகன் ஜெறோமின் வயதை. முப்பத்து நாலு. இரண்டு சம்பந்தம் பேசி, இரண்டும் கடைசிக் கிழமையில் குழம்பிப் போயின.

"இது நாவூறுதான்," என்றாள் றீற்றா.

யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்கு மருந்து, காய்ந்த செத்தல் மிளகாயையும் உப்பையும் கையில் பொத்திப் பிள்ளையின் தலையை மூன்று தரம் சுற்றி நெருப்பில் போடுவது. நெடி அடித்து எல்லாரும் இருமினால் பயமில்லை. நெடியே வராவிட்டால் பொல்லாத கண் பட்டிருக்கிறது. எங்கள் கத்தோலிக்க வீடுகளிலும் இது உண்டு. கூடவே ஒரு செபம் சொல்லிக்கொள்வோம், சுவாமிக்குச் சொல்லமாட்டோம்.

ஆனால் குட்மேய்ஸில், எங்கள் வீட்டில், நெருப்புக்கு எங்கே போவது? இருப்பது மின்சார அடுப்பு. றீற்றா ஒருநாள் தாச்சிச் சட்டியில் மிளகாயைப் போட்டுப் பார்த்தாள். எங்கள் மூக்கில் ஏறுவதற்கு முன் புகை அலாமின் மூக்கில் ஏறிவிட்டது. நான் கதிரையில் ஏறி நின்று துவாயால் நாலு நிமிடம் விசிறினேன். அன்றோடு அதைக் கைவிட்டோம்.

மூன்றாவது சம்பந்தம் ஜெறோம் தானே தேடிக்கொண்டது. பெண் வட இலண்டனில், எட்மண்டனில் இருக்கிற ஷாமினி. கெட்டிக்காரி, சிரித்த முகம். தகப்பன் மரியதாஸ் மன்னார்க்காரர், தங்கள் கோயில் பங்குச் சபையின் தலைவர்.

"அப்பா, ஒண்டு சொல்லுறன், கவனமாக் கேளுங்கோ," என்றான் ஜெறோம். "அங்கிள் மூடநம்பிக்கை விசயத்தில சரியான ஸ்ட்ரிக்ட். சாதகம் பாத்தவை எண்டு கேள்விப்பட்டு ஷாமினியின்ர அக்காவுக்கு வந்த சம்பந்தத்தையே வேண்டாம் எண்டவர். மிளகாய் சுத்திறது விசுவாசக் குறைவு எண்டு கோயில்ல மைக்கில சொன்னவர். நீங்கள் அதைப்பற்றி மூச்சும் விடக்கூடாது."

"நான் ஏன் விடுறன்?"

"ரெண்டு பக்கமும் சந்திக்க ஒரு இடம் புக் பண்ணியிருக்கிறன். பழைய துறைமுகச் சந்தை. விறகு நெருப்பில, எங்கட கண்ணுக்கு முன்னால இறைச்சி சுட்டுத் தருவினம்."

அதற்குப் பிறகும் அவன் ஏதோ சொன்னான். என் காதில் 'விறகு நெருப்பு' என்பதற்கு மேல் ஒன்றும் ஏறவில்லை. சனிக்கிழமை புறப்படும்போது, குசினிப் போத்தலில் இருந்து பதினொரு மிளகாயை எண்ணி எடுத்து, கொஞ்சம் உப்போடு ரிசுக் கடதாசியில் சுற்றிக் கோட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டேன். (பத்து என்றால் இரட்டைப்படை. அது கூடாது.) றீற்றாவுக்குச் சொல்லவில்லை.

ஒருகாலத்தில் கப்பல்களில் வந்த சரக்கெல்லாம் இறக்கிய இடமாம் அது. உயர்ந்த இரும்புக் கூரை. இருபத்தெட்டுத் தூண். உள்ளே ஏழு அடுப்புகள். ஒவ்வொரு அடுப்பிலும் தணல் பரப்பி, அதன் மேல் சரிவாக இரும்புக் கம்பித் தட்டுப் போட்டு, விலா எலும்பும் தொத்திறைச்சியும், நெஞ்சைப் பிளந்து விரித்த முழுக்கோழியும் அடுக்கியிருந்தார்கள். எங்கள் அடுப்புக்காரர் உருகுவே நாட்டவர். தன் ஊர்த் துறைமுகச் சந்தையிலும் இப்படித்தான், உப்பைத் தவிர வேறு ஒன்றும் போடுவதில்லை என்று பெருமையாகச் சொன்னார். அந்தத் தணலைப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது. எவ்வளவு நெருப்பு! அதுவும் அலாம் இல்லாத நெருப்பு! (இருந்தது. பிறகு தெரிந்துகொண்டேன்.)

நாங்கள் மூன்று பேர். அவர்கள் பக்கமும் மூன்று பேர்: மரியதாஸ், மனைவி பிலோமினா, ஷாமினி. மரியதாஸ் நெஞ்சில் சிலுவை குத்திய கோட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணை, உங்கட பங்கில பூசைக்குச் சனம் வருதோ?" என்று தொடங்கினார்.

"போன ஞாயிறு எட்டரைப் பூசைக்கு இருநூற்றுப் பதினாலு பேர்," என்றேன். "அதில ஒன்பது பேர் நற்கருணை வாங்கின கையோட போயிட்டினம்."

றீற்றா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். ஆனால் மரியதாஸின் முகம் மலர்ந்துவிட்டது.

"எண்ணினனீங்களோ? எங்கட பங்கிலயும் இப்படி ஒருத்தர் இருந்தால்! நான் எத்தினை தரம் கேட்டிட்டன், ஒருத்தரும் எண்ணித் தரயினமில்லை!"

என் வாழ்க்கையில் என் எண்ணிக்கையை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. விலா எலும்பு வந்தது. சிரிப்பு வந்தது. பிலோமினா, "வைகாசியில மண்டபம் கிடைக்குமோ?" என்று கேட்டுவிட்டார். எல்லாம் நன்றாக நடந்தது. எனக்கோ, எல்லாம் நன்றாக நடந்தால்தான் பயம். முதல் இரண்டு சம்பந்தமும் இப்படி நன்றாக நடந்தவைதான்.

அப்போது எங்கள் மேசையைக் கடந்து போன ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணி பிள்ளைகளைப் பார்த்து நின்றார்.

"அடடா, என்ன ஒரு ஜோடி! என் கண்ணே பட்டுடும் போலிருக்கு!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் எழும்பினேன்.

"எங்கயப்பா போறியள்?" என்றாள் றீற்றா.

"அடுப்பைப் பாத்திட்டு வாறன்."

அடுப்புக்காரர் விறகு எடுக்கத் திரும்பினார். முதலில் மூன்று மிளகாய் போட்டேன். இருபது வரை எண்ணினேன். நெடி இல்லை. மூக்கை நீட்டிப் பார்த்தேன். இறைச்சி வாசந்தான் வந்தது. எப்பேர்ப்பட்ட கண்! மிச்சம் எட்டையும், உப்பையும், ரிசுவையும் சேர்த்துப் போட்டேன். திரும்ப இருபது வரை எண்ணினேன். அப்போதும் ஒன்றுமில்லை. என் மகன் கட்டைப் பிரமச்சாரியாகவே போய்ச் சேரப்போகிறான் என்று முடிவு கட்டினேன்.

அடுப்புக்கு மேலே ஆளுயரப் புகைக்கூண்டு ஒன்று நெடி முழுவதையும் உறிஞ்சிக் கூரைக்கு மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அடுப்புக்காரர் திரும்பி வந்தார். நீண்ட இரும்புக் கம்பியால் தணலை வாரி முன்பக்கம் இழுத்தார். புகைக்கூண்டுக்கு வெளியே.

முதலில் இருமியது அவர்தான். பிறகு இருமல் மேசை மேசையாக நடந்து போனது. கோப்பை ஏந்திவந்த பரிசாரகர் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே குந்தினார். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சனம் ஓடியது. அலாம் அலறியது. ஒரு சந்தை முழுவதும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கதவைத் தேட, நடுவில் நான் ஒருவன் மட்டும், கண்ணால் தண்ணீர் ஓட ஓட, சிரித்துக்கொண்டு நின்றேன். நெடி அடித்துவிட்டது! கண் இல்லை!

அந்தச் சிரிப்பை றீற்றா கண்டுவிட்டாள்.

"ஐயோ," என்றாள், "நீங்களோ?"

ஆற்றங்கரையில் நூற்று அறுபத்து மூன்று பேர் நின்று மூக்குச் சிந்தினோம். ஜெறோம் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. மறைத்துப் பிரயோசனமில்லை. மனேச்சரிடம் போய், நான்தான், மிளகாய்தான், மகனின் கல்யாணத்துக்காகத்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அதை மூன்று தரம் சொல்லவைத்தார். பிறகுதான் அந்த மரியாதையான வேண்டுகோளை விடுத்தார்.

திரும்பினால் மரியதாஸ் நிற்கிறார். கண் இரண்டும் கொவ்வைப்பழம். மூன்றாவது சம்பந்தமும் போயிற்று என்று எண்ணிக்கொண்டேன்.

"எத்தினை போட்டனீங்கள்?" என்றார், மெதுவாக.

"பதினொண்டு."

"உப்பு?"

"போட்டனான்."

"பிள்ளையைச் சுத்தினனீங்களோ?"

"எப்பிடிச் சுத்திறது? நீங்கள் முன்னால இருந்தனீங்கள்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகில் குனிந்தார்.

"சுத்தாமல் போட்டால் அது வெறும் மிளகாய்ப் புகை, அண்ணை. ஒரு பலனும் இல்லை."

பிலோமினா இருமலுக்கு நடுவில் சிரிக்கத் தொடங்கினார். "இவர் காலமை வளவுக்குள்ள பாபகியூ அடுப்பு மூட்டி மகளுக்குச் சுத்தினவர். அயலட்டை ஜன்னல் எல்லாம் பூட்டிக்கொண்டுது!"

"அப்பா!" என்று ஷாமினி கத்தினாள். அவளுக்கு அது அடுப்புக் கம்பியைச் சுத்தம் பண்ணுகிற புகை என்று சொல்லியிருந்தாராம். "அப்ப அக்காவின்ர சம்பந்தம்?"

"அது மாப்பிள்ளை சரியில்லை, பிள்ளை," என்றார் மரியதாஸ். "ஒரு காரணம் சொல்லத்தானே வேணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பங்கில ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். கல்யாணத்தன்று அவரே இரண்டு வைனுக்குப் பிறகு மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மண்டபத்தில் இருந்த முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும் கேட்டார்கள்.

கல்யாணமாகி ஆறு வருடமாகிறது. கோடைகாலத்தில் மகன் வீட்டில் பாபகியூ என்றால், வாசலில் மருமகள் ஷாமினி ஒரு கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். "மாமா, பொக்கற்." நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பேன். அவள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாள். பின்னால் வருகிற விருந்தாளிகள் கைதட்டுவார்கள். பேரப்பிள்ளை, "அப்பப்பா கிளியர்!" என்று கத்துவான். பிறகுதான் எனக்கு உள்ளே போக அனுமதி.

என் கோட்டில் மொத்தம் ஆறு பொக்கற். அவள் இதுவரை ஐந்தைத்தான் கண்டுபிடித்திருக்கிறாள்.