மாப்பிள்ளை வீட்டை நானூறு வருடம் பின்னால் போய் விசாரித்த கதை

கலியாணப் பேச்சு என்று வந்தால் எங்கள் ஆட்கள் விசாரிப்பார்கள். பெடியன் எந்த ஊர், தகப்பன் என்ன தொழில், தாய்வழி யார், குடும்பத்தில் யாருக்காவது குடிப்பழக்கம் உண்டா என்பதெல்லாம் சூரிச்சுக்கு ஒரு டெலிபோன் கோல், டொரன்டோவுக்கு ஒரு கோல் எடுத்தால் தெரிந்துவிடும். மூன்றாவது கோல் தேவைப்பட்டால் அந்தச் சம்பந்தத்தில் ஏதோ பிழை இருக்கிறது என்று அர்த்தம்.

என் அக்காவின் மகள் தர்சினி ஓர் அமெரிக்கப் பெடியனை விரும்பியபோது இந்த ஏற்பாடு முழுவதும் படுத்துவிட்டது. பெடியனின் பெயர் நேதன் பெல்லிங், ஊர் வெர்ஜினியா. லண்டன் மோர்டனில் தன் வீட்டுக் குசினியில் சமைத்தபடி அக்கா என்னிடம் கேட்டாள்:

"வெர்ஜினியாவில எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

ஒருவர் இருந்தார். கோல் எடுத்துப் பார்த்தால் அவர் இருந்தது மேற்கு வெர்ஜினியாவில். அது வேறு மாநிலம் என்று விளக்கிவிட்டு, தன் மகனுக்குப் பெண் பார்க்கும் விஷயத்தை அரை மணி நேரம் பேசினார்.

அப்போதுதான் தர்சினி ஒரு தகவல் சொன்னாள். நேதனின் குடும்பம் எட்வர்ட் பெல்லிங் என்பவரின் வழி வந்ததாம். அவர் ஆங்கிலேயர் அமெரிக்காவில் குடியேறிய ஆரம்ப காலத்திலேயே ஆற்றங்கரையில் பெரிய காணி வைத்திருந்தவராம். லண்டனிலிருந்து கப்பலேறியவர் என்பது குடும்பத்தில் சொல்லிவரும் செய்தி. ஆனால் லண்டனில் எங்கே, யாருடைய மகன் என்பது ஒருவருக்கும் தெரியாது. நேதனின் தாத்தா ஹரல்ட், எண்பது தாண்டியவர், வாழ்நாள் முழுக்க அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நான் விசாரிக்கிறன்" என்றேன்.

என் தகுதியைச் சொல்லிவிட வேண்டும். லண்டன் லூயிஷாமில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அந்த வருடம்தான் பழைய ஆங்கிலக் கையெழுத்தை வாசிக்கும் மாலை வகுப்பு ஒன்றை முடித்திருந்தேன். முடித்ததற்குச் சான்றிதழும் தந்தார்கள். (இடையில் நின்றவர்களுக்கும் அதே சான்றிதழைத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். அதைப் பிறகுதான் அறிந்தேன்.)

வியாழக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு ஆவணக் காப்பகத்துக்குப் போகத் தொடங்கினேன். முதலில் வெர்ஜினியாக் காணிப் பதிவுகளின் பிரதிகளைப் பார்த்தேன். எட்வர்ட் அங்கே இருந்தார். அந்தக் காலத்தில் கடல் கடந்து ஆள் கொண்டுபோனவருக்குத் தலைக்கு ஐம்பது ஏக்கர் காணி கொடுத்திருக்கிறார்கள். (என்னை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த ஏஜென்டுக்கு ஒருவரும் ஏக்கர் கொடுக்கவில்லை. நாங்கள்தான் அவருக்குக் காசு கொடுத்தோம்.) எட்வர்டின் காணிக்குக் கிழக்கே ஆறு, மேற்கே ஒரு பெரிய ஓக் மரம் என்று எல்லை எழுதியிருந்தது. அதற்கு முன் அந்த மண்ணில் யார் இருந்தார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. இலங்கையில் எங்கள் ஊர்க் காணிக்குள் ஆமிக்காரர் முகாம் போட்டுக் குடியிருந்த வருடங்கள் அவை. அப்படியிருந்தும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை. பெல்லிங் குடும்பம் வசதியான குடும்பம் என்று அக்காவுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன்.

பிறகு லண்டன் பக்கம் தேடினேன். தேம்ஸுக்குத் தெற்கே ஒரு பழைய தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஆள் அகப்பட்டார். பீப்பாய் செய்யும் ராபர்ட் பெல்லிங்கின் மகன் எட்வர்ட். வயது பொருந்தியது, பெயர் பொருந்தியது, பக்கத்திலேயே துறைமுகம். திருமணப் பதிவேட்டையும் பார்த்தேன். அவர் ஜோன் என்ற பெண்ணைக் கட்டியிருந்தார். அடக்கப் பதிவேட்டை மட்டும் நான் திறக்கவில்லை. அமெரிக்காவுக்குப் போனவரை லண்டனில் எதற்குப் புதைக்கப்போகிறார்கள் என்பது என் தர்க்கம். இன்றைக்கும் அந்தத் தர்க்கத்தில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. பிழை வேறு இடத்தில் இருந்தது.

ஹரல்டுக்கு எழுதினேன். பதிலாக அவரே குடும்பத்தோடு புறப்பட்டு வந்துவிட்டார்.

இரண்டு குடும்பமும் முதன்முதல் சந்திப்பது அந்தத் தேவாலயத்திலேயே நடக்கட்டும் என்ற யோசனையும் என்னுடையதுதான். (மோர்டன் வீட்டில் வைத்து ஆட்டிறைச்சிக் கறி கொடுப்போம் என்று அக்காவின் கணவர், என் அத்தான், சொன்னதை நான் சிறுமையாக நினைத்தேன்.) அந்தத் தேவாலயத்துப் பாதிரியார் ஓர் இளம் பெண். அவர் அந்தப் பங்குக்கு, அதாவது அந்தத் தேவாலயத்தைச் சேர்ந்த வட்டாரத்துக்கு, வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் சொன்னதையெல்லாம் நம்பினார்.

நான் கோட், டை அணிந்து ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினேன். ஏழை பீப்பாய்க்காரரின் மகன் இந்தத் தண்ணீரில் பெயர் பெற்று, இந்த வாசலால் வெளியேறி, கடல் கடந்து பெரும் காணிக்காரரானார் என்றேன். பேச்சில் இரண்டு இடத்தில் நானே கைக்குட்டையை எடுத்தேன். ஹரல்ட் கோட் பைக்குள்ளிருந்து ஒரு சிறிய போத்தலை எடுத்தார். ஆற்றங்கரைக் காணியில் எடுத்த மண்ணாம். எட்வர்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று சொல்லி, அதைத் தொட்டியின் அடியில், கல் தரையில் கொட்டினார். பாதிரியார் ஜெபித்தார். அக்காகூடக் கண்ணைத் துடைத்தாள்.

அதன் பிறகு தின்னச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸும் குடிக்கத் தேத்தண்ணியும். அக்கா கொண்டுவந்த பெரிய பிளாஸ்க்கின் மூடி கழன்று, பால்தேத்தண்ணி முழுவதும் நடுக் கம்பளத்தில் ஊற்றுண்டது. கறை பிடிக்கும் முன் துடைக்க வேண்டும் என்று அத்தானும் நேதனும் கம்பளத்தைச் சுருட்டித் தூக்கினார்கள். அடியில் ஒரு கறுத்த கல்லறைக் கல். அதில் எழுத்து.

பழைய எழுத்து. அந்தக் கூட்டத்தில் அதை வாசிக்கப் படித்தவன் நான் ஒருவன்தான். முழங்காலிட்டு, ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்து, உரத்த குரலில் வாசிக்கத் தொடங்கினேன். முதல் வரியிலேயே எட்வர்ட் பெல்லிங் என்று வந்தது. பூரித்துப்போய், எங்கள் எட்வர்ட்தான் என்று ஹரல்டைப் பார்த்து அறிவித்தேன். பீப்பாய் செய்யும் ராபர்டின் மகன், ஜோனின் கணவன் என்று அடுத்த வரியையும் வாசித்தேன். எல்லாம் என் ஆராய்ச்சியோடு அச்சொட்டாகப் பொருந்தியதில் குரல் இன்னும் ஏறியது. அதே குரலில், இந்தப் பங்கிலே பிறந்து, இந்தப் பங்கிலே தகப்பன் தொழிலைச் செய்து, ஒருநாளும் இதை விட்டு நீங்காமல், இங்கே மனைவியோடு துயில்கிறார் என்பதையும் வாசித்து முடித்தேன்.

வாசித்து முடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மற்றவர்களுக்கு நான் முடிக்கும் முன்பே விளங்கியிருந்தது.

தர்சினி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம். அக்கா மிக மெதுவாகச் சொன்னாள்:

"தம்பி, நீ இனி ஒண்டும் வாசிக்காதை."

அப்படியென்றால் தங்களுடைய எட்வர்ட் யார் என்று ஹரல்ட் என்னிடம் கேட்டார். கோபம் இல்லை, கேட்டார், அவ்வளவுதான். தெரியாது என்றேன். அவர் கல்லைப் பார்த்தார். பிறகு தொட்டியடிக்குப் போய், கஷ்டப்பட்டுக் குனிந்து, கொட்டிய மண்ணை இரண்டு விரலால் கூட்டத் தொடங்கினார். முன்பின் தெரியாத ஒருவருக்கு எதற்கு அவ்வளவு தூரத்து மண்?

நான் எழும்ப முன் அக்கா போய்விட்டாள். ரோல்ஸ் வைத்த காகிதத் தட்டு ஒன்றை மடித்து அவருக்குப் பக்கத்தில் தரையில் குந்தினாள். அவர் கூட்ட, அவள் அள்ளினாள். அள்ளிக்கொண்டே தன் மோர்டன் இங்கிலீசில் கேட்கத் தொடங்கினாள். அந்தக் காணி இப்போது யாரிடம் இருக்கிறது? விற்றாயிற்று என்றார் ஹரல்ட், தன் தகப்பன் குடித்தே தொலைத்தார். நீங்கள் குடிப்பீர்களா? இல்லை, அதைப் பார்த்து வளர்ந்ததால் தொடவில்லை. பிறகு எப்படிப் பிழைத்தீர்கள்? லொறி ஓட்டினேன். மனைவி? ஏழு வருடம் படுக்கையில் கிடந்தாள், நான்தான் பார்த்தேன், பேரன் நேதன் பள்ளிக்கூடம் விட்டு வந்து சமைப்பான்.

போத்தல் நிறைந்ததும் அக்கா மூடியை இறுக்கி அவர் கையில் கொடுத்தாள். கொஞ்சம் லண்டன் தூசியும் உள்ளே போயிருக்கும் என்றாள். அவர் சிரித்தார். இருவரையும் எழுப்பிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

காரில் ஏறும்போது அத்தான் பயந்து பயந்து, என்ன செய்வோம் என்று கேட்டார்.

"பெடியன் சமைப்பானாம். வேற என்னத்தை விசாரிக்கிறது? நாளைக்கு எல்லாரையும் வீட்டை வரச் சொல்லுங்கோ, இறைச்சி காய்ச்சுவம்" என்றாள் அக்கா.

கலியாணம் நடந்தது. அவர்களுடைய எட்வர்ட் எங்கே பிறந்தார் என்பது இன்றுவரை தெரியாது. ஹரல்ட் என்னை மன்னித்துவிட்டார், ஆனால் மறக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து எந்த வாழ்த்து வந்தாலும் என்னை எட்வர்ட் என்றே எழுதினார். நேதனும் அப்படியே கூப்பிட்டான். தர்சினிக்கு மகள் பிறந்தபோது குழந்தைக்கு நான் எட்வர்ட் தாத்தா ஆனேன். ஆறு வயதாகும்வரை என் உண்மைப் பெயரை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொன்னபோது அவள் நம்பவில்லை.

சென்ற மாதம் அவள் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்களாம். படத்தைத் தர்சினி எனக்கு அனுப்பியிருந்தாள். அம்மாவின் பக்கத்தில், அம்மம்மாவுக்கு அருகே ஒரு கிளையில் மீசையோடு என் தலை. அடியில் எட்வர்ட், லண்டன், பீப்பாய் செய்பவர் என்று தெளிவான எழுத்தில் இருந்தது. மூலையில் ஆசிரியை சரி போட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தார். நன்றாக இருந்ததால் பள்ளிக்கூடமே அதை எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டதாம்.